பொய் ரத்தமும் நிஜ ரத்தமும்: கோரமான திகில் படங்களுக்குத் தணிக்கை வேண்டுமா?

கேள்வி இதுதான்: உடலைக் கிழிப்பது, உறுப்பை அறுப்பது, மணிக்கணக்கில் சித்திரவதை செய்வது என்று எல்லை மீறிப் போகும் திகில் படங்களை அரசோ தணிக்கை வாரியமோ வெட்டலாமா, தடை செய்யலாமா? இல்லை, ‘வயது வந்தோருக்கு மட்டும்’ என்று சான்றிதழ் கொடுத்து விட்டுவிட வேண்டுமா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயது வந்த ஒருவர் தெரிந்தே விரும்பிப் பார்க்கும் படத்தில் வரும் கோரம் நடிப்பும் ஒப்பனையும்தான் என்றால், அது எவ்வளவு அருவருப்பாக இருந்தாலும் அதில் கத்தரி வைக்கக் கூடாது. படப்பிடிப்பில் நிஜமாகவே ஓர் உயிர் வதைக்கப்பட்டிருந்தால் அந்தக் காட்சிக்கு எந்தச் சலுகையும் கிடையாது. திரையில் ஒரு சொட்டு ரத்தம்கூடத் தெரியாவிட்டாலும் சரி. குழந்தைகள் விஷயத்தில் வயது வரம்பு கறாராக இருக்க வேண்டும். தடை, வெட்டு, வயது வகைப்பாடு என்று மூன்றும் வேறு வேறு வேலைகள். மூன்றையும் ‘சென்சார்’ என்ற ஒரே பையில் போட்டுக் குலுக்குவதால்தான் பேச்சு எப்போதும் கூச்சலில் போய் முடிகிறது.

கோரத்தைப் பற்றிய நம் கணிப்பு காலத்துக்குக் காலம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது என்பதை முதலில் பார்க்கலாம். 1932இல் ‘ஃப்ரீக்ஸ்’ என்று ஒரு படம் வந்தது. சர்க்கஸ் கூடாரத்தில் நடக்கும் கதை. உடல் குறைபாடு உள்ள நிஜமான சர்க்கஸ் கலைஞர்களே அதில் நடித்தார்கள். பிரிட்டனில் அந்தப் படம் முப்பது வருடம் முடங்கிக் கிடந்தது. 1963இல்தான் அனுமதி கிடைத்தது. படம் அந்த மனிதர்களின் பக்கம் நின்றது. அவர்களைத் திரையில் பார்க்கச் சகிக்காதவர்கள் தங்கள் அருவருப்பை ஊருக்கு வரும் ஆபத்தாக நினைத்துக்கொண்டார்கள். எனக்குக் குமட்டுகிறது என்பது ஒன்று, இதனால் இன்னொருவருக்குக் கேடு வருகிறது என்பது வேறொன்று. தணிக்கை வரலாற்றில் இந்த இரண்டும் ஓயாமல் இடம் மாறிக்கொண்டே இருந்திருக்கின்றன.

இதன் உச்சம் 1980களின் பிரிட்டன். வீடியோ கேசட் புதிதாக வந்த சமயம். தியேட்டர் படத்துக்குச் சான்றிதழ் உண்டு. கேசட்டுக்கு அப்படி ஒரு சட்டமே இல்லை. மலிவாக எடுத்த இத்தாலிய, அமெரிக்கத் திகில் படங்களெல்லாம் வாடகைக் கடைகளில் வந்து இறங்கின. துரப்பணம் மண்டையைத் துளைக்கும் படத்தை அட்டையிலேயே போட்டு விற்றார்கள். பத்திரிகைகள் இவற்றுக்கு ‘வீடியோ நாஸ்டி’ (அருவருப்பான வீடியோ) என்று பெயர் வைத்தன. மேரி வைட்ஹவுஸ் என்ற ஒழுக்கப் பிரச்சாரகர் முன்னால் நின்றார். அரசு வழக்குத் தொடுப்பு இயக்குநர் அலுவலகம் ஒரு பட்டியல் போட்டது. காலப்போக்கில் அதில் மொத்தம் 72 படங்கள் ஏறி இறங்கின. 39 படங்கள் மீது ஆபாச வழக்கு நின்று தண்டனை கிடைத்தது. எது ஆபாசம், எது இல்லை என்று கடைக்காரருக்கும் தெரியாது, சோதனைக்கு வந்த போலீஸ்காரருக்கும் தெரியாது. ஒரு ஊரில் விடுதலையான படம் அடுத்த ஊரில் பறிமுதலாகும். சான்றிதழ் பெற்ற வடிவத்தைவிடச் சற்று நீளமான வடிவத்தை விற்றதற்காக ஒரு விநியோகஸ்தர் 1984இல் சிறைக்கே போனார்.

அந்த வருடமே வீடியோ பதிவுச் சட்டம் வந்தது. அதன்படி வீட்டில் பார்க்கும் ஒவ்வொரு கேசட்டுக்கும் பிரிட்டிஷ் திரைப்பட வகைப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் வேண்டும். அந்தச் சட்டத்தின் கீழ் ஆட்கள் தண்டிக்கப்பட்டார்கள், கடைகள் அபராதம் கட்டின. 25 வருடம் கழித்து 2009இல் ஓர் உண்மை வெளியே வந்தது. சட்டத்தை இயற்றும்போது ஐரோப்பிய ஆணையத்துக்கு முறைப்படி அறிவிக்க வேண்டிய ஒரு வேலையை அரசு செய்யவே இல்லை. ஆகவே அதை அமல்படுத்தவே முடியாது. அவசர அவசரமாக 2010இல் அதே சட்டத்தை மறுபடி நிறைவேற்றினார்கள். பீதியில் போடும் சட்டத்தை யாரும் நிதானமாகப் படிப்பதில்லை. ஒரு பயத்தைக் காட்டி யாராவது சட்டம் கேட்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

சரி, அந்தக் கத்தரி பயத்தைப் பிடித்ததா என்றால், இல்லை. ‘தி டெக்சாஸ் செயின் சா மாசகர்’ 1974இல் வந்த படம். பெயரைக் கேட்டால் ரத்த ஆறு ஓடும் என்று தோன்றும். உண்மையில் அதில் ரத்தம் ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைவு. ஒரு பெண்ணை இறைச்சிக் கொக்கியில் மாட்டும் காட்சியில்கூடக் கொக்கி உடலுக்குள் இறங்குவதை நாம் பார்ப்பதில்லை. அவள் முகத்தையும், கீழே வைத்த வாளியையும், ரம்பத்தின் சத்தத்தையும் கொண்டு மீதியை நம் மனமே செய்துவிடுகிறது. பிரிட்டிஷ் வாரியம் 1975இல் அதை நிராகரித்தது. சில இடங்களை வெட்டிப் பார்த்தும் பயனில்லை. எந்தத் துண்டை எடுத்தாலும் அந்தப் படத்தின் மிரட்டல் அப்படியே இருந்தது. 1999இல் ஒரு வெட்டும் இல்லாமல் அனுமதித்தார்கள். இடைப்பட்ட கால் நூற்றாண்டில் படம் ஒரு ஃபிரேம்கூட மாறவில்லை.

1960இல் வந்த ‘சைக்கோ’வின் குளியலறைக் கொலையும் இப்படித்தான். முக்கால் நிமிடக் குத்துக்கு ஒரு வாரம் படப்பிடிப்பு. கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் ரத்தத்துக்குச் சாக்லேட் சிரப்பை ஊற்றினார்கள். கத்தி சதையில் இறங்கும் ஒலிக்கு முலாம்பழத்தைக் குத்திப் பதிவு செய்தார்கள். பார்த்தவர்கள் கத்தி உடம்பில் இறங்கியதைக் கண்ணால் பார்த்ததாகவே சத்தியம் செய்தார்கள். காட்டிய கோரத்தை அளந்து வெட்டும் வேலை, கற்பனையில் நடக்கும் கோரத்தின் பக்கத்தில்கூடப் போக முடியாது. விநாடிக் கணக்கு, வெட்டு எண்ணிக்கை என்று பேசும் தணிக்கைக் குறிப்புகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும் முதல் ஆட்சேபம் இதுதான்.

இதைவிடப் பெரிய ஆட்சேபம் ஒன்று உண்டு. வெட்டு பல சமயம் காட்சியை மோசமாக்கிவிடுகிறது. 1931இல் வந்த ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்தில் ஏரிக்கரையில் ஒரு சிறுமி, அந்த அசுரனோடு சேர்ந்து பூக்களைத் தண்ணீரில் எறிந்து விளையாடுவாள். பூக்கள் மிதக்கின்றன. பூ தீர்ந்ததும், அவளும் பூவைப் போல மிதப்பாள் என்று நினைத்து அவன் அவளைத் தூக்கி ஏரியில் போட்டுவிடுகிறான். அவள் மூழ்கியதும் பதறுகிறான். குழந்தை சாவதைக் காட்டலாமா என்று அந்த இடத்தை நறுக்கிவிட்டார்கள். மிஞ்சியது என்ன? அவன் சிறுமியை நோக்கிக் கையை நீட்டுகிறான், காட்சி முடிகிறது. அடுத்து தகப்பன் மகளின் சடலத்தைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்து வருகிறான். இடையில் அசுரன் அந்தக் குழந்தையை என்ன செய்திருப்பான் என்று பார்ப்பவர்கள் யோசிக்கும்போது, எங்கே போய் நிற்பார்கள் என்று சொல்லவே வேண்டாம். அறியாமையால் நடந்த ஒரு விபத்தைக் கத்தரி ஒரு வக்கிரமாக மாற்றிவிட்டது. துண்டு திரும்பச் சேர்ந்தது 1980களில்தான்.

‘ஸ்ட்ரா டாக்ஸ்’ (1971) திகில் வகையைச் சேர்ந்ததல்ல, ஆனால் இதே பாடம் அதில் இன்னும் கசப்பாக இருக்கிறது. அதில் கதாநாயகி இரண்டு பேரால் பாலியல் வன்முறைக்கு ஆளாகிறாள். முதலாவதில் அவளுடைய பதில் குழப்பமாகக் காட்டப்படுகிறது; இரண்டாவதில் அது எவ்வளவு பெரிய கொடுமை என்பது ஐயத்துக்கு இடமில்லாமல் தெரிகிறது. அமெரிக்க வெளியீட்டுக்காக வெட்டியபோது பெரும்பாலும் போனது இரண்டாவது பகுதி. அதாவது, குழப்பம் அப்படியே நின்றது, கொடுமை நீங்கியது. அவளும் விரும்பினாள் என்று நினைக்க வழிவிடும் படம் ஆகிவிட்டது. 1999இல் அந்த வெட்டிய வடிவம் வீடியோவுக்காக வந்தபோது பிரிட்டிஷ் வாரியம் மறுத்தது. 2002இல் முழுப் படமும் வந்தபோது அனுமதித்தது. அதிகம் காட்டிய வடிவம்தான் குறைந்த தீங்கு என்று ஒரு தணிக்கை அமைப்பே ஒப்புக்கொண்ட தருணம் அது.

இதே கோணல் வணிகப் படங்களிலும் உண்டு, அது பெரிதாகப் பேசப்படுவதில்லை. அமெரிக்காவில் பிஜி-13 (பெற்றோருக்கான எச்சரிக்கையோடு சிறுவர்களும் பார்க்கலாம்) என்ற வகை 1984இல் வந்தது. அதற்குள் அடங்க வேண்டும் என்று எடுக்கும் சாகசப் படங்களில் ஆட்கள் கொத்துக் கொத்தாகச் சாவார்கள், கட்டடம் சரியும், ஊரே அழியும். காயம் தெரியாது, ரத்தம் தெரியாது, யாரும் வலியில் துடிக்க மாட்டார்கள். சிறுவர்கள் தாராளமாகப் பார்க்கலாம். ஒரே ஒருவருடைய சாவை அதன் வலியோடும் நாற்றத்தோடும் காட்டும் திகில் படம் பெரியவர்களுக்கு மட்டும். எது வன்முறையைப் பற்றிப் பொய் சொல்கிறது? பத்து வயதுப் பையனுக்குக் கோரப் படத்தைக் காட்டச் சொல்லி நான் இதைச் சொல்லவில்லை, காட்டவும் கூடாது. வலியை மறைத்துக் கொலையை மட்டும் விடுவது பாதுகாப்பு என்று நம்பிக்கொண்டிருக்கிறோமே, அதைத்தான் சொல்கிறேன்.

அப்புறம், நிஜ ரத்தம். இத்தாலிய இயக்குநர் ருஜேரோ தேயோதாத்தோ எடுத்த ‘கானிபல் ஹோலோகாஸ்ட்’ 1980இல் மிலானில் வெளியாகிப் பத்து நாளில் பறிமுதல் ஆனது. காட்டுக்குள் போய்க் காணாமல் போன படக்குழு விட்டுச்சென்ற படச்சுருள் என்று கதை சொல்லும் படம் அது. நடிகர்களை ஒரு வருடம் வெளியே தலைகாட்டக் கூடாது என்று ஒப்பந்தம் போட்டு வைத்திருந்தார் தேயோதாத்தோ. அதனால் நடிகர்களை நிஜமாகவே கொன்றுவிட்டார் என்ற சந்தேகம் அவர்மேல் விழுந்தது. அவர்களை உயிரோடு கொண்டுவந்து நிறுத்தியும், கழுவேற்றிய பெண்ணின் காட்சியை எப்படி எடுத்தார் என்று விளக்கியும்தான் தப்பித்தார். அந்த வித்தை மிக எளிமையானது: இரும்புக் கம்பத்தில் சைக்கிள் சீட்டைப் பொருத்தி அந்தப் பெண்ணை உட்கார வைத்தார்கள், வாயில் கூரான லேசான மரத்துண்டைக் கவ்வச் சொன்னார்கள், மேலே சிவப்புச் சாயம். உலகையே உலுக்கிய அந்தக் காட்சியில் யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை.

அதே படத்தில் ஆமையும் குரங்கும் பன்றியும் கேமராவுக்காக நிஜமாகவே கொல்லப்பட்டன. கழுவேற்றம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள் பலர் இதைக் கடந்து போனார்கள். பிரிட்டனில் 1937இலேயே வந்த ஒரு சட்டம், படப்பிடிப்புக்காக விலங்கைக் கொடூரமாக வதைத்திருந்தால் அந்தக் காட்சியைத் திரையிடக் கூடாது என்கிறது. 2001இல் இந்தப் படத்தில் ஐந்து நிமிடத்துக்கு மேல் வெட்டினார்கள். 2011இல் மறுபடி பார்த்த வாரியம் ஏறக்குறைய எல்லா வெட்டையும் திரும்பப் பெற்றுக்கொண்டு 15 விநாடியை மட்டும் எடுத்தது. கோவாட்டி என்ற சிறு பிராணி கத்தியால் குத்துப்பட்டுக் கதறிச் சாகும் இடம் அது. மற்ற விலங்குகள் சட்டென்று கொல்லப்பட்டன, இது வதைபட்டது என்பது அவர்கள் சொன்ன காரணம். ஒரே ஒரு விலங்கோடு நின்றுவிட்டது எனக்கு உடன்பாடில்லை. ஆனால் கேள்வி சரியான கேள்வி. கழுவேற்றம், கற்பழிப்பு, நரமாமிசம் எல்லாம் நடிப்பு என்பதால் இருக்கட்டும். அந்தப் பிராணி நடிக்கவில்லை.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் நம் கவனம் எவ்வளவு தவறான இடத்தில் இருந்திருக்கிறது என்பது தெரியும். ‘ட்விலைட் ஸோன்: தி மூவி’ படப்பிடிப்பில் 1982 ஜூலை 23 அதிகாலை, வெடி அதிர்வில் ஹெலிகாப்டர் கட்டுப்பாடிழந்து விழுந்தது. விக் மாரோ என்ற நடிகரும் இரண்டு குழந்தைகளும் அந்த இடத்திலேயே இறந்தார்கள். சட்டப்படி இரவில் வேலை வாங்கவே கூடாத குழந்தைகள் அவர்கள். அனுமதி பெறாமல் கூட்டி வந்திருந்தார்கள். அடுத்த வருடம் படம் வெளியானபோது பெற்றோர் வழிகாட்டுதலோடு சிறுவர்களும் பார்க்கலாம் என்ற பிஜி சான்றிதழ் அதற்குக் கிடைத்தது. வகைப்படுத்தும் குழு திரையில் இருப்பதைத்தானே பார்க்கும். மூன்று பேர் செத்த படம் சிறுவர் படம். சிலிகான் தோலும் சோளச் சிரப்பும் வைத்து எடுத்த படம் தடைப் பட்டியலில். ‘தி பேர்ட்ஸ்’ (1963) படத்தின் மாடி அறைக் காட்சிக்காக டிப்பி ஹெட்ரன் மீது ஐந்து நாள் உயிருள்ள பறவைகளை வீசினார்கள். மருத்துவர் படப்பிடிப்பை நிறுத்தி ஓய்வு கொடுக்கச் சொல்லும் நிலைக்கு அவர் போனார். அந்தக் காட்சியை இன்றும் திரைக்கலைப் பாடமாகக் காட்டுகிறார்கள்.

முழுத் தடைக்கு நியாயமான இடமும் இந்தக் கோட்டின் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. 2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் மசூதிகளில் தொழுகையில் இருந்தவர்களைச் சுட்டவன் அதை நேரலையில் ஒளிபரப்பினான். அந்நாட்டுத் தலைமைத் தணிக்கையாளர் அந்த வீடியோவை வைத்திருப்பதும் பரப்புவதும் குற்றம் என்று வகைப்படுத்தினார். சரியான முடிவு. கொல்லப்பட்டவர்கள் நிஜ மனிதர்கள். பதிவு செய்ததே கொலையின் ஒரு பகுதி. எவ்வளவு பயங்கரமான படமானாலும் ஒரு கற்பனைப் படத்தை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பேசுவது அந்த மனிதர்களுக்குச் செய்யும் அவமரியாதை.

“அதெல்லாம் சரி, பார்க்கிறவன் கெட்டுப்போக மாட்டானா?” என்பது அடுத்த கேள்வி. இதற்கு ஆய்வுகள் ஒரே குரலில் பேசுவதில்லை. கார்டன் டால், ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவில் வன்முறைப் படங்களுக்குக் கூட்டம் அதிகமாக வந்த நாட்களில் அடிதடிக் குற்றங்கள் குறைந்திருப்பதைக் காட்டினார்கள். காரணம் படம் மனத்தைத் திருத்தியது அல்ல. அடிதடிக்குப் போகக்கூடிய இளைஞர்கள் அந்த மாலையில் குடிக்காமல் தியேட்டரில் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்து வந்த வாரங்களில் குற்றம் கூடவும் இல்லை. நீண்ட கால விளைவைப் பற்றி இந்த ஆய்வு பேசவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எதிர்ப்பக்கத்தில் என்னை உண்மையிலேயே யோசிக்க வைக்கும் ஆய்வுகளும் உண்டு. 1980களில் டேனியல் லின்ஸ், எட்வர்ட் டோனர்ஸ்டைன் முதலியோர் கல்லூரி மாணவர்களுக்கு வரிசையாகப் பல ஸ்லாஷர் படங்களை (கொலைகாரன் ஒருவர்பின் ஒருவராக வெட்டிச் சாய்க்கும் படங்கள்) போட்டுக் காட்டினார்கள். முதல் நாள் இருந்த பதற்றம் நாளாக நாளாகக் குறைந்தது. அதைவிட முக்கியம், பின்னால் ஒரு பாலியல் வன்முறை வழக்கின் விசாரணையைப் பார்த்தபோது பாதிக்கப்பட்ட பெண்மேல் அவர்களுக்கு இருந்த பரிவும் குறைந்திருந்தது. இந்த மரத்துப்போதல் எவ்வளவு காலம் நிற்கும் என்பது தனிக் கேள்வி. ஆனால் ஒன்றுமே ஆகாது என்று திகில் ரசிகர்கள் கையை வீசிப் பேசுவதை நான் ஏற்கவில்லை. பெண் உடலைக் கிளர்ச்சியோடு காட்டிக்கொண்டே அதைக் கிழிக்கும் படம், மற்றக் கோரங்களிலிருந்து வேறுபட்டது.

ஒரு குற்றம் நடந்தவுடன் படத்தின்மேல் பழி போடும் அவசரமும் வேண்டாம். 1993இல் இங்கிலாந்தில் பத்து வயதுச் சிறுவர்கள் இருவர் ஒரு சிறு குழந்தையைக் கொன்றார்கள். தீர்ப்பின்போது நீதிபதி வன்முறை வீடியோக்களைச் சுட்டிப் பேசினார்; பத்திரிகைகள் ஒரு பொம்மைத் திகில் படத்தின் பெயரைத் தலைப்பில் போட்டன. அந்தச் சிறுவர்கள் அதைப் பார்த்ததற்கு எந்தச் சான்றும் கிடைக்கவில்லை என்று விசாரித்த போலீஸே சொன்னது. அடுத்த வருடம் சட்டம் மட்டும் கடுமையானது. அந்தச் சிறுவர்களின் வீடுகளில் என்ன நடந்தது என்பதை விசாரிப்பதைவிட ஒரு கேசட்டைத் தூக்கி எறிவது எல்லோருக்கும் சுலபமாக இருந்தது.

சட்டங்கள் எங்கே கோடு போடுகின்றன என்பதையும் பார்த்துவிடலாம். ஜெர்மனியில் மனிதர்மேல் நடக்கும் கொடூரத்தைக் கண்ணியத்துக்கு இழுக்காகக் காட்டுவது தண்டனைக்குரியது. ‘தி ஈவில் டெட்’ படத்தை அந்தச் சட்டப்படி பறிமுதல் செய்தார்கள். வழக்கு அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனது. அங்கே வெட்டுப்படுவது மனிதரா, பேய் பிடித்த பிணங்களா என்பதைத் தீர்மானிக்க வேண்டியிருந்தது. பிணப் பேய்கள் மனிதரில் சேராது, சட்டத்தை அவ்வளவு தூரம் நீட்ட முடியாது என்று 1992இல் தீர்ப்பானது. பிறகு சட்டத்தையே திருத்தி ‘மனிதரை ஒத்தவை’ என்று சேர்த்தார்கள். இப்போது அதே படம் அங்கே 16 வயதுக்காரர்கள் பார்க்கலாம் என்ற சான்றிதழோடு கிடைக்கிறது. டென்மார்க் 1969இலேயே பெரியவர்களுக்கான படத் தணிக்கையைக் கைவிட்டது. 1911இல் தொடங்கி உலகிலேயே மிகப் பழைய அரசுத் தணிக்கை அலுவலகத்தை நடத்திய ஸ்வீடன் 2010 இறுதியில் அதை மூடியது. இந்திய உச்ச நீதிமன்றம் 1970இல் கே.ஏ. அப்பாஸ் வழக்கில் முன்தணிக்கை செல்லும் என்றது. 1989இல் ரங்கராஜன் வழக்கில், எங்கோ எப்போதோ வரக்கூடிய ஆபத்தைக் காட்டிப் படத்தை நிறுத்த முடியாது, ஆபத்து உடனடியாகவும் நேரடியாகவும் இருக்க வேண்டும் என்றும் சொன்னது. இந்த இரண்டாவது அளவுகோலை நேர்மையாகப் பொருத்தினால் கோரப் படங்களில் ஏறக்குறைய எதையும் தடை செய்ய முடியாது என்பது என் கணிப்பு.

குழந்தைகளைப் பற்றிப் பேசும்போது என் தொனி மாறும். சிறு வயதில் திரையில் பார்த்துப் பயந்த ஒன்று தூக்கத்தையும் தனியாக இருக்கும் தைரியத்தையும் நெடுநாள் கெடுக்கும். இது நிறையப் பேருக்கு அனுபவத்தில் தெரியும். ஜோஆன் கேன்டர் என்ற உளவியலாளர் இதையே பல வருடம் ஆராய்ந்தார். அவர் காட்டியதில் முக்கியமானது, வயதுக்கு வயது பயம் வேறுபடுகிறது என்பது. மிகச் சிறு குழந்தைகளைத் தோற்றம்தான் பயமுறுத்தும். ‘ஹல்க்’ தொலைக்காட்சித் தொடரில் நல்ல மனிதர் பச்சை அசுரனாக மாறும் அந்தக் கட்டம் பெரியவர்களுக்கு விளையாட்டு, பள்ளிக்குப் போகாத குழந்தைகளுக்கு நடுக்கம். அது நல்ல அசுரன் என்று சொல்லிக்கொடுத்தாலும் அவர்களுக்கு ஏறாது. சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த முகமூடி ஒன்றும் செய்யாது. வீட்டுக்குள் ஆள் புகுவது, அம்மாவுக்கு ஏதாவது ஆவது போல நடக்கக்கூடியவைதான் அவர்களை ஆட்டும். ஆகவே ‘குழந்தைகளுக்கு உகந்ததல்ல’ என்ற ஒற்றை வரி போதாது. ஏழு, பன்னிரண்டு, பதினாறு என்று படிப்படியாக வயது குறிக்க வேண்டும், என்ன காரணம் என்றும் எழுத வேண்டும்.

பெரியவர்களிலும் தெரியாமல் மாட்டிக்கொள்ளக் கூடாதவர்கள் இருக்கிறார்கள். கருச்சிதைவை அனுபவித்த ஒரு பெண்ணுக்கு மற்ற எந்தக் கோரமும் ஒன்றும் செய்யாமல் போகலாம், ஒரே ஒரு பிரசவக் காட்சி நாள் கணக்கில் குலைத்துவிடலாம். அவருக்கு ‘வன்முறை, ரத்தம்’ என்ற எச்சரிக்கையால் எந்தப் பயனும் இல்லை. ‘கர்ப்பிணி தாக்கப்படும் நீண்ட காட்சி உண்டு’ என்று எழுதினால் பயன் உண்டு. கதை தெரிந்துவிடும் என்று தயாரிப்பாளர் முகம் சுளிப்பார், பரவாயில்லை. அதே மாதிரி, ஓடிடியில் ஒரு குடும்பப் படம் முடிந்ததும் தானாக ஓடத் தொடங்கும் திகில் ட்ரெய்லர், கைபேசியில் விரலை நகர்த்தும்போது கேட்காமலே வந்து விழும் அறுபடும் கழுத்து, இவைதான் இன்று நிஜமான தொல்லை. படத்தைத் தேடிப் போய்ப் பணம் கட்டிப் பார்ப்பவரைப் பிடித்து நிறுத்துவதில் செலவழிக்கும் சக்தியில் பாதியை இங்கே காட்டலாம்.

மிகக் கடினமான இடத்துக்கு வருகிறேன். 2010இல் வந்த ‘எ செர்பியன் ஃபிலிம்’ குழந்தைகள்மேல் பாலியல் வன்முறை நடப்பதுபோலக் காட்டியது. பிரிட்டிஷ் வாரியம் 49 இடங்களில் வெட்டி 4 நிமிடம் 11 விநாடியை எடுத்தது. மறு வருடம் ‘தி ஹியூமன் சென்டிபீட் 2’ படத்தை முதலில் முழுதாக நிராகரித்துவிட்டு, பிறகு 32 வெட்டுகளோடு அனுமதித்தது. இரண்டாவதில் வெட்டியது தவறு என்பேன். வளர்ந்த நடிகர்கள் சம்மதத்தோடு செய்த ஒப்பனை அது, பிடிக்காதவர் பார்க்காமல் போகலாம். முதலாவதில் அப்படிச் சுலபமாகச் சொல்ல முடியாது. அந்தக் காட்சிகளில் பொம்மையை வைத்து எடுத்திருந்தாலும் கதையில் நிஜமான சிறு பிள்ளைகள் நடிக்கிறார்கள். அந்தப் பிள்ளை எந்த வார்த்தையைக் கேட்டது, எந்தக் காட்சி நடக்கும்போது அறையில் இருந்தது, வளர்ந்த பிறகு அந்தப் படத்தோடு தன் முகம் ஒட்டிக்கொண்டிருப்பதை எப்படி எடுத்துக்கொள்ளும்? குழந்தை சம்மதம் தர முடியாது. ஆகவே குழந்தையின் முகத்தையும் பாலியல் வன்முறையையும் படத்தொகுப்பில் ஒட்டவைக்கும் காட்சியை, பொம்மைதான் என்றாலும், வெட்டலாம் என்பது என் நிலை. என் சுதந்திரக் கொள்கைக்கு விதிவிலக்காக இதைச் சொல்லவில்லை. படப்பிடிப்பில் இருந்த நிஜ உயிருக்கு என்ன ஆனது என்று கேட்கும் அதே கேள்விதான் என்னை இங்கேயும் கொண்டுவந்து விடுகிறது.

இதை நடைமுறைக்குக் கொண்டுவர ஒரு வழி உண்டு. இன்று சான்றிதழுக்குப் படத்தைக் கொடுக்கும்போது நீளம், மொழி, கதைச் சுருக்கம் போன்றவற்றைக் கேட்கிறார்கள். அதோடு தயாரிப்பாளர் கையெழுத்திட்டுத் தர வேண்டிய இன்னொரு தாளையும் சேர்க்கலாம். படப்பிடிப்பில் யாருக்காவது காயம் ஏற்பட்டதா. குழந்தைகள் எத்தனை மணி நேரம் வேலை செய்தார்கள், கோரக் காட்சியின்போது எங்கே இருந்தார்கள், பெற்றோரிடம் முழுக் கதையும் சொல்லப்பட்டதா. விலங்குகள் இருந்தால் யார் மேற்பார்வை. பாலியல் வன்முறைக் காட்சியில் நடித்தவர் ஒவ்வொரு அசைவுக்கும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டாரா, நடுவில் நிறுத்தச் சொல்லும் உரிமை இருந்ததா. பொய் எழுதினால் சான்றிதழ் ரத்து, வழக்கு. பேய்ப் படம், சண்டைப் படம், காதல் படம் எல்லாவற்றுக்கும் இதே தாள்தான். இதில் நேர்மையாகத் தேறி வரும் படத்தில் தலை உருண்டாலும் குடல் சரிந்தாலும், அதை வயது வந்தவர் பார்ப்பதற்கு வாரியத்தின் கத்தரி குறுக்கே வர வேண்டியதில்லை.